நீர்க்காகத்தின் ஒன்பது இறகுகள்

ஜூலை 9

படகு மோட்டார்களில் மூன்று ஓடவில்லை. உதிரிபாகம் கேட்டு எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிவிட்டது. இந்த லட்சணத்தில் கமாண்டிங் ஆபீசர் கர்னல் தேவவரம் என்னைக் கூப்பிட்டு, ஒரு பறவையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார்.

பறவை எங்கள் தொப்பியில் இருப்பது. ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் போடும் எங்கள் பிரிவின் சின்னம் அது: ஒரு படகு, அதன்மேல் சிறகை விரித்து நிற்கும் நீர்க்காகம். முழுப் பித்தளை. அக்டோபரில் பிரிவுக்குப் பொன்விழா. ஜெனரல் வருகிறார், மலர் வெளியிடுகிறார். அதில் 'நமது சின்னம்: வரலாறும் பொருளும்' என்று நான்கு பக்கம் வேண்டுமாம்.

"நான் மெட்டலர்ஜி படிச்சவன் சார்" என்றேன்.

"தொப்பியில இருக்கது மெட்டல்தானே தம்பி" என்றார்.

பதில் சொல்ல முடியாத வாதங்களுக்கு இந்த ராணுவத்தில் தட்டுப்பாடே வந்ததில்லை. உதிரிபாகத்துக்குத்தான்.

ஜூலை 13

பிரிவின் பழைய ஆட்கள் யாருக்கும் அந்தப் பறவை ஏன் வந்தது என்று தெரியவில்லை. என் பணிமனையில் வேலை பார்க்கும் ஹவில்தார் ஏகாம்பரத்தைக் கேட்டேன். ஆரணிக்காரர். இங்கே இருபத்தொரு வருடம். மோட்டாரின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வார். கூடவே அதை வாங்கியவனுக்கு என்ன கோளாறு என்றும் சொல்வார்.

"அது இன்னா பறவைன்னே எனக்குப் பத்து வருஷம் கழிச்சுதான் சார் தெரியும். நான் வாத்துன்னு நினைச்சிகினு இருந்தேன்."

ஜூலை 16

பிரிவின் முதல் அட்ஜுடண்டாக, கமாண்டிங் ஆபீசருக்கு நிர்வாகத் துணையாக இருந்த மேஜர் ஒருவர் ஊட்டியில் ஓய்வாக இருக்கிறார். போனில் பிடித்தேன். பாதி நேரம் என்னோடும் பாதி நேரம் தன் நாயோடும் பேசினார். சாரம் இதுதான்: முதல் கமாண்டிங் ஆபீசர் கேட்டது கருடன். படம் வரைந்து ஒரு பித்தளைக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அச்சு வெட்டும்போது கழுத்து நீண்டுவிட்டது. ஐந்நூறு சின்னம் வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. திறப்பு விழாவுக்கு வந்த ஜெனரல், "இது என்ன பறவை?" என்று கேட்டார். "நீர்க்காகம் சார்" என்று கமாண்டிங் ஆபீசர் சட்டென்று சொல்லிவிட்டார்.

"அருமையான தேர்வு என்றார் ஜெனரல்" என்றார் மேஜர். "டேய், செருப்பை விடு" என்றார். பின்னது நாயிடம்.

ஜூலை 17

இவ்வளவையும் அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். இறகுகள் ஏன் ஒன்பது என்பதற்கும் காரணம் எழுதியிருந்தேன்: பத்தாவதற்கு இடமில்லை.

கர்னல் படித்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இதைப் படிச்சிட்டு ஒரு சிப்பாய் தொப்பியை மாட்டுவானாடே? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொருள் வேணும். அலகுக்கு வேணும், கழுத்துக்கு வேணும், இறகுக்கு வேணும். ரெண்டு நாள் தாரேன்."

ஜூலை 19

கேட்டார், கொடுத்துவிட்டேன். ஒரே மூச்சில் எழுதினேன். விரிந்த சிறகு: நனைந்தாலும் நிற்போம். திறந்த அலகு: தகவலைத் தாமதியாது தெரிவிப்போம். நீண்ட கழுத்து: தொலைநோக்கு. படகு: ஏற்றியதைச் சுமப்போம், ஏனென்று கேளோம்.

ஒன்பது இறகுகளுக்குத்தான் உழைத்தேன். பிரிவு தொடங்கிய முதல் மழைக்காலத்தில் வெள்ளம் வந்து பாலம் அறுபடும் வேளையில், ஒன்பது வீரர்கள் கடைசிப் படகின் வடத்தை விடியும்வரை வெறுங்கையால் பிடித்து நின்றார்களாம். அனைவரும் கரை சேர்ந்தபின் பெயர் கேட்டபோது, "பாலம் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்களாம்.

அந்த ஆற்றின் வேகத்துக்கு ஒன்பது பேரால் அந்தப் படகைப் பத்து நொடிகூடப் பிடிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எங்கள் பிரிவில் ஆபீசர்கள் எல்லோரும் இன்ஜினியர்கள். ஒருவனாவது சிரிப்பான்.

ஜூலை 20

யாரும் சிரிக்கவில்லை. 'பாலம் என்று எழுதிக்கொள்ளுங்கள்' வந்த இடத்தில் கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தோளில் தட்டினார். மலருக்கு அப்படியே போகிறது.

கேலி என்று சொல்ல வாயெடுத்தேன். டீ வந்துவிட்டது.

ஆகஸ்ட் 2

மழை. மெஸ்ஸில் மறுபடி ராஜ்மா.

ஆகஸ்ட் 11

வாயிலில் எட்டடி உயரத்துக்குக் கல்லில் நீர்க்காகம் எழும்புகிறது. கொத்தர் பத்து இறகு செதுக்கிவிட்டாராம். அட்ஜுடண்ட் கேப்டன் ஜெயவர்தன் ஒன்றை சிமெண்டால் அடைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் அப்பாவும் ராணுவம், தாத்தாவும் ராணுவம். வீட்டுப் பூனையும் இடதுகாலை முன்வைத்துத்தான் புறப்படும் என்று கேள்வி.

ரோல் கால் முடிந்ததும் அவரே என் கட்டுரையிலிருந்து வாசித்தார். வாசிக்கும்போது குரல் கம்மியது. இருநூறு பேர் அசையாமல் நின்றார்கள். எனக்குக் காதுமடல் சுட்டது. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 27

அட்ஜுடண்டின் ஆணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பொன்விழா அணிவகுப்பில் ஒவ்வொருவர் தொப்பியிலும் ஒன்பது இறகுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். குறைந்தால் தியாகத்துக்கு அவமதிப்பு.

ஏகாம்பரத்தின் சின்னத்தைப் பார்த்தேன். மூன்று இறகுதான் இருக்கிறது. மிச்சம் வழவழவென்று கண்ணாடி மாதிரி. இருபத்தொரு வருடம் தினமும் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். பறவைக்கு முகமும் இல்லை.

"புதுசு வாங்கிக்குங்க."

"கேட்டேனே சார். ஸ்டோர்ல இல்ல. பொன்விழாவுக்குன்னு ஆர்டர் குடுத்துகீறாங்களாம், அது பொன்விழா முடிஞ்சதும் வருமாம்." பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா சார், நானும் இருபத்தொரு வருஷமா இங்கதான் கீறேன். அந்த ஒம்போது பேரைப் பத்தி எவனும் மூச்சு விடலியே?"

"பழைய ஆவணம்" என்றேன்.

"ஓ" என்றார். மோட்டார் சத்தத்தைக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பது போலவே சாய்த்தார்.

அவருக்கு இந்த முறை நாயப் சுபேதார் பதவி உயர்வு வர வேண்டும். வராவிட்டால் வயது முடிந்து மார்ச்சில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெண் காலேஜில் இரண்டாம் வருடம். இதை அவர் சொல்லவில்லை. பணிமனையே சொல்கிறது.

செப்டம்பர் 11

ஒத்திகை வினையில் முடிந்தது. அட்ஜுடண்ட் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏகாம்பரத்தின் முன்னால் நின்றார்.

"ஹவில்தார், ஒன்பது பேர்ல மூணு பேர்தான் தெரியறாங்க. மிச்ச ஆறு பேர் எங்கே?"

"லீவுல போயிருக்காங்க சார்."

பின்வரிசை சிரித்துவிட்டது. அதுதான் கெடுத்தது. அட்ஜுடண்ட் அதே இடத்தில் குற்றச்சாட்டு எழுதச் சொன்னார்: படைச் சின்னத்தைச் சிதைத்தது, வீரர்களின் தியாகத்தை இழிவுபடுத்தியது. இருபதாம் தேதி கர்னல் முன்னால் விசாரணை.

தண்டனை கொடுத்தால் அதை அவருடைய பதிவில் சிவப்பு மையால் எழுதுவார்கள். சிவப்பு மை விழுந்த பதிவைப் பதவி உயர்வுக்குப் பார்க்கவே மாட்டார்கள்.

செப்டம்பர் 12

இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம். அணிவகுப்பில் நின்றுகொண்டு ஜோக் அடித்தது யார்? நான் இல்லை. இரண்டாவது மோட்டார் ஓடிவிட்டது.

செப்டம்பர் 13

ஏகாம்பரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் "எஸ் சார்." அவர் பேசாவிட்டால் பணிமனையில் இவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

சாப்பாட்டு நேரத்தில் நானாகவே, "நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நான் சொன்னது ஒரு பொய் சார்" என்றார். "ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க, அடிபட்டது நான்."

எந்த ஊரில், யார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15

கர்னலிடம் போனேன். சுற்றி வளைக்கும் பழக்கம் எனக்கில்லை.

"சார், அந்த ஒன்பது பேரும் நான் எழுதினது."

"நீதானே எழுதின. உன் பேர்தானே போட்டிருக்கு."

"அப்படி இல்ல சார். அப்படி யாருமே கிடையாது. கிண்டலுக்கு எழுதினேன்."

பேனாவை மூடினார். "தெரியும் தம்பி. நான் இந்தப் பிரிவுலதான் லெப்டினன்டா சேந்தேன். ஒன்பது பேர் அப்படி வடம் பிடிச்சிருந்தாம்னா, வருஷா வருஷம் அந்த நாளுக்கு ஆட்டுக்கறி போட்டிருப்பாங்கள்லா?"

"அப்புறம் ஏன் சார் கண்ணாடியைத் துடைச்சீங்க?"

"நல்லா எழுதியிருந்தியே."

"உண்மையைச் சொல்லிடலாம் சார். ஏகாம்பரத்துக்குப் பதவி உயர்வு போகுது."

"என்னன்னு சொல்ல? கருடன் கேட்டோம், காக்கா வந்துச்சின்னா? மலர் அச்சாயாச்சு. ஜெனரல் பேச்சுல முதல் பக்கமே ஒன்பது பேர்தான். வாசல்ல கல்லு நிக்கி." குரலைத் தாழ்த்தினார். "கேளு. ஐம்பது வருஷமா ஆத்துல பாலம் போடுதோம். ஒருத்தனாவது ஒரு நாளாவது ஒரு கயித்த விடாம பிடிச்சிருக்க மாட்டானா? அவனுக்குன்னு வச்சிக்க."

"குற்றச்சாட்டு சார்?"

"விசாரணையில உன்னைச் சாட்சியா கூப்பிடுதேன். சின்னத்துக்கு நீதான் நிபுணர். அந்தாளைக் காப்பாத்து. எப்படி வேணும்னாலும் காப்பாத்து. ஆனா அந்த ஒன்பது பேர் மேல மட்டும் கை வைக்காதே."

நிபுணராம். மோட்டாருக்குக் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

செப்டம்பர் 18

பணிமனையில் கதவைச் சாத்திக்கொண்டு மைக்ரோமீட்டரோடு உட்கார்ந்தேன். ஆபீசர்கள் உட்பட ஒவ்வொருவரின் சின்னமாக வாங்கி அளந்தேன். இறகின் மேடு மொத்தமே கால் மில்லிமீட்டர். பிராசோவில் இருப்பது மிக மெல்லிய மணல்தான். தினமும் தேய்த்தால் பித்தளை மிகக் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பி வராது. வருடம் கூடக் கூட இறகு குறைந்துகொண்டே வருகிறது. படம் போட்டால் நேர்கோடு.

கோட்டில் உட்காராத சின்னங்கள் சில. அவற்றைத் தனியாக ஒரு தாளில் குறித்தேன். இந்த மாதத்தில் முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 20

விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தொப்பியும் பெல்ட்டும் கழற்றி வெறுந்தலையோடுதான் உள்ளே கொண்டுவருவார்கள். ஏகாம்பரத்தின் தலை பாதி வழுக்கை என்று எனக்கு இன்றுதான் தெரியும். சின்னம் தனியாக மேஜைமேல் பாலிதீன் பையில் இருந்தது. பிணவறைப் பொருள் போல.

அட்ஜுடண்ட் வாசித்து முடித்தார். கர்னல் என்னைப் பார்த்தார்.

"சின்னம் சிதைக்கப்படல சார்" என்றேன். "பாலிஷ் போடப்பட்டிருக்கு. நிலையாணைப்படி தினமும் போடணும். இருபத்தொரு வருஷம் போட்டா, இறகு எவ்வளவு மிஞ்சணுமோ அவ்வளவு மிஞ்சியிருக்கு. கணக்கு இதோ."

"தேய்ஞ்சா மாத்தணும்" என்றார் அட்ஜுடண்ட்.

"ஸ்டோர்ல இல்லன்னு பதில் வந்திருக்கு சார். இன்னொண்ணு. தினமும் பாலிஷ் போட்டா எட்டு வருஷத்துல ரெண்டு இறகாவது மங்கணும். எட்டு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருந்தும் ஒன்பது இறகும் பளிச்சுன்னு இருந்தா, அந்தச் சின்னத்துக்கு லாக்கர்ங்கிற வார்னிஷ் பூசியிருக்கணும். அதாவது பாலிஷே போடலைன்னு அர்த்தம். அப்படி நாலு சின்னம் இருக்கு."

"யாரோடது?" என்றார் கர்னல்.

"சார், கேப்டன் சாரோட தொப்பியைக் கொஞ்சம் கேட்டு வாங்கலாமா? நகத்தால கீறினாலே லாக்கர் உரியும்."

அட்ஜுடண்ட் தன் தொப்பியைக் கக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கர்னல் தன்னுடையதை மேஜைமேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் என் நாலில் ஒன்று. நான் சொல்லவில்லை.

கர்னல் தொண்டையைச் செருமினார். "ஹவில்தார், ஆறு பேர் லீவுல போயிருக்காங்கன்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"லீவு குடுத்தது யாரு?"

"நீங்கதான் சார். தினமும் பாலிஷ் போடச் சொல்லி ஆர்டர்."

கர்னல் நெடுநேரம் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. திரும்பியபோது முகம் கல்லாக இருந்தது. "குற்றம் நிரூபிக்கப்படவில்லை. வாயை அடக்கணும்னு எச்சரிக்கை. எழுத வேண்டாம்."

வெளியே ஏகாம்பரம் தொப்பியை மாட்டிக்கொண்டே, "சார், கேப்டன் மூஞ்சியைப் பாத்தீங்களா? அதுக்கும் லாக்கர்தான்" என்றார். பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது மோட்டார் இனி தன்னாலேயே ஓடும்.

செப்டம்பர் 23

செய்தி பரவிவிட்டது. முழு இறகு வைத்திருப்பவன் பாலிஷ் போடாதவன். போன மாதம் சேர்ந்த பையன்கள் கழிவறையில் உட்கார்ந்து சின்னத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். ஒருவன் பறவையையே காணாமலாக்கிவிட்டான். படகு மட்டும் போகிறது.

எத்தனை வருடச் சேவைக்கு எத்தனை இறகு என்று அட்டவணை தயாரித்துத் தரும்படி எனக்கு உத்தரவு. தயாரித்தேன். கையொப்பம்: லெப்டினன்ட் நவநீதன், சின்ன நிபுணர். கடைசி இரண்டு வார்த்தைகளை அட்ஜுடண்ட் அடித்துவிட்டார்.

அக்டோபர் 4

பொன்விழா. ஜெனரல் கல் நீர்க்காகத்தைத் திறந்து வைத்தார். ஒன்பது பேரைப் பற்றிப் பேசினார். 'பாலம் என்று எழுதிக்கொள்ளுங்கள்' என்றதும் கைதட்டல் நிற்கவேயில்லை. ஓய்வுபெற்ற பழையவர்கள் நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். மதிய உணவுக்குள் அவர்களில் பதினான்கு பேர், அந்த ஒன்பதில் தானும் ஒருவன் என்று என்னிடம் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். ஒருவர், அன்று தனக்குச் சளி பிடித்தது என்றும் சொன்னார்.

பந்தியில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் யாரிடமும் போகவில்லை. லான்ஸ் நாயக் மாசிலாமணியாக இருந்தவராம். வலதுகை விரல்கள் மடங்காததால் இடதுகையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சீண்டினேன்: "நீங்களும் அந்த ஒன்பதுல ஒருத்தரா?"

"இல்லீங்க. அது வேற ஆளுங்களா இருக்கும். நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். மூணாவது வருஷ வெள்ளத்துல. ஒம்போது பேரெல்லாம் இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"ரெண்டு பேரால படகைப் பிடிக்க முடியாதே."

"வேப்பமரத்துல ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சோம். மரம் புகைஞ்சிருச்சி." உள்ளங்கையைத் திறந்து காட்டினார். குறுக்கே ஒரு பள்ளம், நிறமே வேறு. "கூட இருந்த அய்யாத்துரை கடைசியில வடத்தோடவே போயிட்டான். அது எதுலயும் எழுதலீங்க. ஒரு படகு போச்சுன்னுதான் எழுதுனாங்க. பாயாசம் கொஞ்சம் சொல்றீங்களா?"

சொன்னேன்.

அக்டோபர் 5

மரத்தில் இரண்டு சுற்று. உராய்வுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் போதும். சரியாக வருகிறது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 9

கர்னலிடம் சொன்னேன். "அவனுக்குன்னு வச்சிக்கச் சொன்னேன்லா" என்றார். மலரை மறுபடி அச்சடிக்க முடியாதாம். அடுத்தது வைரவிழாவில். பத்து வருடம்.

டிசம்பர் 18

ஏகாம்பரத்துக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. நாயப் சுபேதார் ஏகாம்பரம். புதுச் சின்னமும் வந்தது, ஒன்பது இறகோடு. பணிமனைக்கு ஜிலேபி வாங்கிவந்து, என் வாயில் முதல் துண்டைத் திணித்து, "சார், நாலாவது மோட்டாரும் படுத்துக்கிச்சு, வாங்கினவன் யாரு?" என்றார்.

டிசம்பர் 27

ஆற்றோரம் போய்க்கொண்டிருந்தேன். மைதானத்தில் புதுப் பையன்கள் வரிசையாக நிற்க, நாயப் சுபேதார் ஏகாம்பரம் ஒவ்வொருவர் தொப்பியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உப்புத்தாள் போட்ட ஒருவனிடம் மாட்டிக்கொண்டார், அல்லது அவன் இவரிடம்.

"எங்கடா மிச்ச இறகு?"

பையன் முழித்தான்.

"ஒம்போது பேர் உயிரைக் குடுத்தாங்கடா இதுக்கு. உசுரை. ஆத்துல வடத்தோடவே போனாங்க. நீ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறியா?"

குரல் நிஜமாகவே உடைந்தது. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் எழுதியதில் யாரும் சாகவில்லை. ஒன்பது பேரும் கரையேறினார்கள். திருத்திவிடலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். வரிசை மொத்தமும் அடித்தது.

நானும் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.